மைக்செட்காரன் கண்ணில் ஒரு பங்க் பேண்ட்

எங்கள் தொழிலில் பாட்டு கடைசியில்தான் வரும். முதலில் வண்டி, அப்புறம் கரண்ட், அப்புறம் ராத்திரிச் சாப்பாடு, அப்புறம் பாக்கிப் பணம். இந்த நாலும் ஒழுங்காக அமைந்துவிட்டால் மேடையில் யார் பாடினாலும் நன்றாகத்தான் இருக்கும். அமையாவிட்டால் எவ்வளவு பெரிய பாடகரும் ‘மானிட்டர்ல ஒண்ணுமே கேக்கல’ என்று, தன் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கரைக் காட்டி என்னைத்தான் முறைப்பார்.

மதுரை செல்லூரில் மைக்செட் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் குழாய், அஹுஜா ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்டு பெட்டி. இப்போது டாப், பேஸ் பாக்ஸ், மிக்ஸர், ஒரு ஜெனரேட்டர், ஒரு குட்டியானை. பங்குனி பிறந்தால் மேலூர், நத்தம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று ஏதாவது ஒரு ஊரில் அம்மன் கோயில் பொங்கல் இருக்கும். ஆடி முடியும்வரை வீட்டில் படுத்துத் தூங்குவது அபூர்வம். கரகாட்டம், நாடகம், ஆடலும் பாடலும், பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் வயர் இழுத்திருக்கிறேன். இந்த ஆளுக்கும், வேகமும் சத்தமுமாகப் போகும் ராக் வகையான அமெரிக்கப் பங்க் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் என் அக்கா மகன் பார்த்த வேலை.

அவன் இன்ஜினியரிங் படிக்கிறான், அதாவது படிப்பதாக அக்கா நம்புகிறாள். கூட மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பேண்ட் வைத்திருக்கிறான். பழகுவது என் குடோனில். பாக்ஸ்களை அடுக்கி வைத்த சந்தில் நின்றுகொண்டு அவர்கள் அடிக்கிற அடிக்கு ஓடு பறக்கவில்லையே என்று இருக்கும். ஒரு நாள் போனில் ஒரு சுட்டியை அனுப்பிவிட்டு நேரிலும் வந்து நின்றான்.

“மாமா, இதப் பாருங்க. இவங்க உங்க ஆளுங்க மாமா.”

“எந்த ஊர்க்காரங்கடா மாப்ள?”

“வாஷிங்டன்.”

சரி என்று திறந்து பார்த்தேன். ஃபுகாஸி என்று ஒரு பேண்ட். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில் தேதி, ஊர், அரங்கம், வாசல் டிக்கெட் விலை, எத்தனை பேர் வந்தார்கள், யார் பதிவு செய்தது, எதில் பதிவு செய்தது, கேசட்டா, டாட் என்கிற டிஜிட்டல் டேப்பா என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பாவும் இப்படித்தான் டைரி எழுதுவார். தேதி, ஊர், குழாய் எத்தனை, ட்யூப்லைட் எத்தனை, அட்வான்ஸ், பாக்கி. கடைசிக் கட்டத்தில் மட்டும் அவர் பேனா கொஞ்சம் அழுத்தமாக ஓடியிருக்கும். பாட்டைக் கேட்பதற்கு முன்பே எனக்கு அந்தப் பேண்டைப் பிடித்துப்போய்விட்டது.

முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3, வாஷிங்டனில் வில்சன் சென்டர் என்ற இடத்தில். கடைசிக் கச்சேரி 2002 நவம்பர் 4, லண்டனில். இடையில் ஆயிரத்துக்கு மேல் கச்சேரிகள். அமெரிக்காவின் 50 மாநிலங்களும் போயிருக்கிறார்கள். ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரேசில் எல்லாம் தனி. அதில் 800-க்கும் மேலானவற்றை அவர்களுடைய சவுண்ட்காரர்கள் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பரிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியே விட ஆரம்பித்தார்கள். ஒரு கச்சேரிக்கு ஐந்து டாலர். அதுவும் கட்டாயம் இல்லை, முடிந்தவர் கூட்டிக் கொடுக்கலாம், முடியாதவர் குறைத்துக் கொடுக்கலாம்.

நாலே பேர். இயான் மெக்கையும் கீ பிச்சியோட்டோவும் கிடார், பாட்டு இரண்டும். ஜோ லாலி பேஸ். பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். பிச்சியோட்டோ மட்டும் கொஞ்சம் பிந்திச் சேர்ந்தார், அதற்குப் பிறகு கடைசிவரை பேண்ட் என்றால் இந்த நாலு பேர்தான். மேனேஜர் கிடையாது, தேதி பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கிடையாது. போன் போட்டு அரங்கம் பேசுவது மெக்கை. அவருடைய டிஸ்கார்ட் என்ற ரெக்கார்டு கம்பெனி நடந்ததும் ஆர்லிங்டனில் ஒரு வீட்டுக்குள். 1980-ல் மெக்கையும் சிநேகிதர்களும் பதின்வயதுப் பையன்களாக இருந்தபோது, அப்போதைய பேண்ட் கலைகிற நேரத்தில் கையில் இருந்த கச்சேரிக் காசைப் பங்கு பிரித்துக்கொள்ளாமல் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். கம்பெனி பிறந்தது அப்படி. அட்டையிலேயே தபால் செலவு உட்பட இன்ன விலை என்று அச்சடித்துவிடுவார்கள். கடைக்காரர் கூட்டி விற்க முடியாது.

எல்லாப் பாட்டும் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சிலதில் இரண்டு பேரும் சேர்ந்து கத்தும்போது என் கை தானாக வால்யூமைத் தேடும். ஆனால் அந்த பேஸ்! ஜோ லாலி தனியாக ஆரம்பித்து இரண்டு சுற்று வாசிப்பார். ஜமைக்கா நாட்டு ரெக்கே இசை மாதிரி நிதானமான நடை. அப்புறம்தான் கிடார்கள் இறங்கும். கேன்டியின் டிரம்ஸ் பக்கத்தில் நிஜமான மணி ஒன்று தொங்கும், வெண்கல ஓசையோடு. பாட்டின் நடுவில் அதை ஓர் அடி அடிப்பார் பாருங்கள், அந்த அடிக்காக நான் டேப்பை மறுபடி மறுபடி பின்னால் தள்ளிக் கேட்டிருக்கிறேன். மணியை எந்த மைக் பிடித்தது, அதற்கென்று தனி மைக் இருந்ததா, மேலே தொங்கும் மைக்கிலேயே விழுந்ததா என்று யோசித்தபடி படுத்திருந்த ராத்திரியும் உண்டு. வீட்டில் கேட்டால் திட்டுவார்கள்.

மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த பதிவுகளில் ஒரு விஷயம் இருக்கிறது. சின்ன அரங்கில் கிடார் ஆம்ப்பும் டிரம்ஸும் மைக் இல்லாமலே காதைப் பிளக்கும். அதனால் மிக்ஸரில் அவற்றைக் கொஞ்சமாகத்தான் ஏற்றுவோம், குரலைத்தான் தூக்குவோம். அரங்கில் நிற்பவனுக்கு எல்லாம் சரியாகக் கேட்கும். டேப்பில் மட்டும் குரல் மூக்குக்கு முன்னால் நிற்கும், கிடார் பக்கத்துத் தெருவில் கேட்கும். நாதஸ்வரக் கச்சேரியை மிக்ஸரிலிருந்து எடுத்தால் தவில் எங்கே என்று தேடுவோமே, அதே கதை. ஆகவே ஃபுகாஸியின் பழைய கேசட் பதிவு ஒன்றில் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அது சின்னக் கூடம் என்று படம் பார்க்காமலே சொல்லிவிடலாம். பெரிய அரங்கம் என்றால் எல்லாவற்றையும் மைக் வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும், டேப்பிலும் சமமாக விழும். மருமகனிடம் ஒவ்வொன்றாக ஊகித்துச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் போட்டிருந்த கூட்டக் கணக்கோடு ஒத்துப்போனபோது பயல் முதல்முறையாக என்னை மரியாதையாகப் பார்த்தான்.

இன்னொன்று. இந்த நாலு பேரும் மேடை ஏறும்போது இன்ன பாட்டுக்குப் பிறகு இன்ன பாட்டு என்று எழுதி வைத்துக்கொள்வதில்லை. ஒருவர் கிடாரில் ஒரு துண்டு வாசிப்பார், அல்லது கேன்டி ஒரு நடையைப் பிடிப்பார், மற்றவர்கள் அதைக் கேட்டு உள்ளே குதிப்பார்கள். தினமும் வேறு வரிசை. கேட்பவருக்குச் சந்தோஷம்தான். மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவனை நினைத்துப் பாருங்கள். அடுத்துப் பாடப்போவது யார், எந்த மைக்கை ஏற்றுவது என்று தெரியாது. எங்கள் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் இந்தப் பாடு எனக்கு நன்றாகப் பழக்கம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். ஒத்திகை என்பதே கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். பபூன் எந்த இடத்தில் பாட்டை எடுப்பார் என்று ஆர்மோனியக்காரர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஆர்மோனியக்காரரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடியும்வரை அப்படியே போகும். அதனால் ஃபுகாஸியின் சவுண்ட்காரர்மேல் எனக்குத் தனிப் பிரியம். அதிலும் இவர்கள் கிடாரை ஆம்ப் பக்கம் திருப்பி வேண்டுமென்றே கூவ விடுகிறவர்கள்! மைக் கூவினால் கமிட்டிக்காரர் மேடையிலிருந்தே ‘ஏய் மைக்செட்டு’ என்று அதட்டும் ஊரில் வளர்ந்தவன் நான்.

இப்போது வாசல் விலைக்கு வருகிறேன். அங்கேதான் இவர்களுடைய தொழில் சூட்சுமம் இருக்கிறது.

டிக்கெட் ஐந்து டாலர். மற்ற பேண்டுகள் இருபது முப்பது வாங்கும் காலத்திலும் ஐந்து, பின்னால் சில இடங்களில் ஆறு. ஏதோ தர்மம் செய்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் வந்தால் ஐயாயிரம் டாலர். அதில் அரங்க வாடகை, காவல் ஆட்கள், கூடப் பாடும் பேண்டுக்கு உள்ளது எல்லாம் கழியும். மீதி இருப்பதில் மேனேஜருக்குப் பங்கு இல்லை, ஏஜென்ட்டுக்குப் பங்கு இல்லை, கம்பெனிக்குக் கடன் இல்லை, வண்ண விளக்குக்கும் புகை மெஷினுக்கும் வாடகை இல்லை. ஒரு வேன் நிறைய ஆட்கள், பெட்ரோல், சாப்பாடு. சாப்பாட்டிலும் மெக்கை பால்கூடத் தொடாத சைவம், செலவு அதிலும் குறைவு. விலை குறைவாக இருப்பதால் கூட்டம் நிறைகிறது, செலவு குறைவாக இருப்பதால் கூட்டம் குறைந்தாலும் பயமில்லை. எங்கள் தொழிலிலும் ஆளை அடிப்பது செலவுதான். கடனுக்கு எல்ஈடி சுவர் வாங்கிப் போட்டவர்கள் தவணை கட்டுவதற்காகவே கிடைத்த ஆர்டரையெல்லாம் பிடித்து, பேசிய ரேட்டில் பாதிக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செலவைச் சுருக்கியவன்தான் ‘இந்த நிகழ்ச்சி வேண்டாம்ணே’ என்று சொல்ல முடியும்.

ஃபுகாஸி அப்படிச் சொன்னது பெரிய ஆளிடம். 1991-க்குப் பிறகு நிர்வாணா பேண்ட் உலகம் முழுக்க ஓடியதும், பெரிய கம்பெனிகள் பை நிறையப் பணத்தோடு இந்த மாதிரி பேண்டுகளைத் தேடி அலைந்தன. 1993-ல் நியூயார்க் கச்சேரிக்கு அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர்களில் ஒருவரான அகமத் எர்டெகனே நேரில் வந்து பேசிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சும்மா வீராப்பு என்று மருமகனின் சிநேகிதன் ஒருவன் வாதாடினான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே தட்டு விற்கிறது, அரங்கம் நிறைகிறது, யாருக்கும் பாக்கி இல்லை. அந்தப் பணத்தை வாங்கினால் டிக்கெட் விலையை வேறு யாரோ முடிவு செய்வார்கள். வாங்கி என்ன பிரயோஜனம்?

எல்லா வயதினரும் வரலாம் என்பது இவர்களுடைய இன்னொரு விதி. இதில் என்ன பெரிய விதி என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. நம் ஊரில் தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்துகிறோம். டிக்கெட் கிடையாது. கைக்குழந்தை முதல் பாயைச் சுருட்டிக்கொண்டு வரும் கிழவி வரை எல்லாரும் மேடைக்கு முன்னால்தான். அமெரிக்காவில் அப்படி இல்லையாம். ராத்திரிக் கச்சேரிகள் பெரும்பாலும் மதுக்கூடத்தில் நடக்கும். கூடம் பிழைப்பதே சரக்கு விற்றுத்தான், பாட்டு சும்மா ஆள் இழுக்க. குடிக்கிற வயது வராதவனுக்கு உள்ளே இடம் கிடையாது. மெக்கை பதின்வயதில் தன் பேண்டோடு கலிபோர்னியா போனபோது, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூடத்தில் இந்தப் பையன்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி உள்ள கைக்குச் சரக்கு கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். அந்த வழியை ஊருக்குக் கொண்டுவந்து இங்கேயும் இப்படி விடுங்கள் என்று கேட்டார்கள். பிறகு குடிக்காத பையன்கள் அந்தக் குறியைத் தாங்களாகவே போட்டுக்கொள்ள ஆரம்பித்தது தனிக் கதை. ஃபுகாஸி காலத்தில் மதுக்கூடத்தை நம்பாமல் சர்ச் கூடம், பள்ளிக்கூட ஜிம், சமுதாயக் கூடம் என்று தேடிப் பிடித்தார்கள். 1988-ல் பிலடெல்பியாவில் ஒரு ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குள் காலை விட்டுத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே பிச்சியோட்டோ பாடியிருக்கிறார். மைக் வயர் அவ்வளவு நீளம் இருந்தது எனக்கு ஆச்சரியம்.

சொந்த ஊரான வாஷிங்டனில் பெரும்பாலும் யாருக்காவது நிதி திரட்டும் நிகழ்ச்சியாகத்தான் வாசித்தார்கள், இல்லையென்றால் பூங்காவில் இலவசமாக. 1990-ல் லார்ட்டன் சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்கு வாசித்தார்கள். 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கப்போகும் நேரத்தில் வெள்ளை மாளிகைக்கு எதிரே குளிரில் நின்று வாசித்தார்கள்.

கூட்டத்தை அடக்கிய விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பங்க் கச்சேரி என்றால் முன்வரிசையில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, தலைக்குமேல் தவழ்ந்து, சமயத்தில் முகத்தில் உதைப்பதும் நடக்கும். பெண்களும் சின்னப் பையன்களும் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். இவர்கள் பாட்டை அப்படியே நிறுத்துவார்கள். உதைத்தவனை அடையாளம் காட்டி, ‘சார், தயவுசெய்து’ என்கிற தோரணையில் மெக்கை பேசுவார். கேட்கவில்லையா, ஓர் உறையில் ஐந்து டாலர் நோட்டு தயாராக இருக்கும். உங்கள் காசு இந்தாங்க, வெளியே போகலாம். ஒருவனைப் பார்த்து, ‘நீ சாயந்தரம் வெளியே ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு இருந்ததை நான் பாத்தேன், இப்ப என்ன முரடன் வேஷம்’ என்று பிச்சியோட்டோ மேடையிலிருந்து ஓட்டுகிற காட்சி வீடியோவில் இருக்கிறது. அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆடலும் பாடலும் நிகழ்ச்சியில் சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி மேடைக் கம்பத்தில் ஏறும் இளந்தாரியும் காலையில் கோயிலில் பொறுப்பாகக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவன்தான். எங்கள் பக்கத்தில் பாட்டை நிறுத்தினால் அடிதடி கூடும் என்று நிறுத்த மாட்டோம், இன்னும் வேகமான பாட்டாகப் போடச் சொல்வார்கள். அப்புறம் பத்து மணிக்கு போலீஸ் வந்து எல்லாவற்றையும் நிறுத்தும். இவர்கள் வழி நம் ஊரில் செல்லுமா தெரியாது, ஆனால் டிக்கெட் காசைக் கையில் திருப்பிக் கொடுத்தால் எந்த மதுரைக்காரனும் கூச்சத்தில் ஒரு நிமிடம் நின்றுவிடுவான்.

டி-ஷர்ட் சமாச்சாரம் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றுப்பயணம் போகிற பேண்டுகளுக்கு அதில்தான் வருமானம் என்பார்கள். இவர்கள் ஒரு பனியன்கூட அடித்து விற்கவில்லை. பாட்டு விற்க வந்தோம், துணி விற்க வரவில்லை என்கிற கட்சி. ஆனால் ரசிகன் சும்மா இருப்பானா? ‘இது ஃபுகாஸி டி-ஷர்ட் அல்ல’ என்று அச்சடித்து வேறு யாரோ விற்றார்கள், அதுவும் நன்றாகவே ஓடியது. நம் ஊர்ப் பிளாட்பாரத்தில் திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் என்று குவித்து வைத்து விற்கிறார்களே, அதில் ரமோன்ஸ் என்ற பேண்டின் வட்டச் சின்னம் போட்ட கறுப்பு டி-ஷர்ட் கட்டாயம் கிடைக்கும். போட்டுத் திரிகிற பையன்களில் பாதிப் பேருக்கு அது ஒரு பேண்ட் என்றே தெரியாது. 1974 முதல் 1996 வரை 2263 கச்சேரி வாசித்தவர்கள் அவர்கள். பாடகர் ஜோயிக்கும் கிடார்காரர் ஜானிக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் ஒரே வேனில் வருடக்கணக்கில் போயிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என் டிரைவர், “எங்க கரகாட்ட செட்டுலயும் அப்படி ஒரு ஜோடி இருக்குண்ணே” என்றார்.

வேன் என்றதும் இன்னொரு பேண்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. மினிட்மென். கலிபோர்னியாவில் சான் பீட்ரோ என்ற துறைமுக ஊர்க்காரர்கள், மூன்று பேர். டி. பூன் கிடார், மைக் வாட் பேஸ், ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸ். ஃபுகாஸிக்கு முந்தியே சிக்கனத்தைக் கொள்கையாக வைத்திருந்தவர்கள். வண்டி ஓட்டுவது, சாமான் தூக்குவது, மாட்டுவது, கழற்றுவது எல்லாம் அவர்களே. பூனும் வாட்டும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சிநேகிதம். 1985 டிசம்பர் 22, அரிசோனாப் பாலைவனத்து சாலை. பூனுக்குக் காய்ச்சல், அதனால் பெல்ட் போடாமல் வேனின் பின்பக்கம் படுத்திருந்தார். வண்டி சாலையை விட்டு இறங்கியது. பூன் பின் கதவு வழியாக வெளியே தூக்கி எறியப்பட்டு, கழுத்து முறிந்து அந்த இடத்திலேயே இறந்துபோனார். 27 வயது. அதற்குப் பிறகு வாட் போட்ட தட்டுகளை எல்லாம் பூனுக்கே அர்ப்பணித்துவருகிறார்.

இதைக் கேட்ட ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்து விடிகாலை மூன்றிலிருந்து ஐந்துவரை திருச்சி நாலுவழிச் சாலை எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். நேர்ச் சாலை, குளிர்ந்த காற்று, வயிற்றில் கறிச்சோறு. நாடகத்துக்காரர்கள், கரகாட்டக்காரர்கள், மேளக்காரர்கள் எத்தனை பேர் திரும்பி வரும் வழியில் வேன் விபத்தில் உயிரை விட்டிருக்கிறார்கள். சீசனில் பேப்பரைத் திறக்கவே பயமாக இருக்கும். என் கடையில் இதற்குச் சில சட்டங்கள் உண்டு. டிரைவர் பாக்ஸ் தூக்கக் கூடாது. வயர் இழுக்கக் கூடாது. நிகழ்ச்சி ஆரம்பித்ததும் அவர் போய்ப் படுத்துவிட வேண்டும், அதற்காகவே வண்டியில் ஒரு பாயும் கொசுவத்தியும் இருக்கும். கமிட்டிக்காரர்கள், “டிரைவர் சும்மா தூங்குறாருண்ணே, அவருக்கு எதுக்கு தனியா பேட்டா” என்று கேட்பார்கள். தூங்குவதற்குத்தான் பேட்டா என்று சொல்வேன். வரும் வழியில் கொட்டாம்பட்டியில் கட்டாயம் ஒரு டீ. யாருக்கும் டீ வேண்டாம் என்றாலும் வண்டி நிற்கும்.

பாக்கிப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ஊரில், பேர் வேண்டாம், நிகழ்ச்சி முடிந்து விடியற்காலை பணம் கேட்டபோது கமிட்டித் தலைவர், “அடுத்த வருசமும் நீங்கதானண்ணே, சேத்து வாங்கிக்கங்க” என்றார். அடுத்த வருடம் அவர் தலைவர் இல்லை. புதுத் தலைவருக்குப் பழைய கணக்கு தெரியாதாம். ஃபுகாஸியின் பக்கங்களில் வாசல் விலைக்குப் பக்கத்திலேயே கூட்டக் கணக்கு இருப்பதைப் பார்த்தபோது இந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வந்தார். வந்தது இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவு. கூட்டிப் பெருக்கினால் தெரிந்துவிடும். அப்புறம் யார் யாரை ஏமாற்றுவது?

சரி, மருமகன் விஷயம். புரட்டாசியில் எனக்கு வேலை குறைவு. அந்த மாதத்தில் மதுரை, திண்டுக்கல், திருச்சி என்று சுற்றி வரலாம் என்று பையன்கள் கிளம்பியிருக்கிறார்கள். கல்யாண முகூர்த்தம் இல்லாத நாட்களில் சின்ன மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன, பேசினால் வாடகை குறையும். டிக்கெட் ஐம்பது ரூபாய். பிளஸ் டூ பையனும் வரலாம், அவன் பாட்டியும் வரலாம், பாட்டி வந்தால் முன்வரிசையில் நாற்காலி. ஒன்பதரைக்கு முடித்தாக வேண்டும், பத்து மணிக்குமேல் ஸ்பீக்கர் போட்டால் ஸ்டேஷனில் போய் நிற்கப்போவது நான். பாக்ஸ், மிக்ஸர் வாடகை நான் வாங்கப்போவதில்லை, டீசலும் டிரைவர் பேட்டாவும் மட்டும். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வசூல் என்று நோட்டில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

தகராறு வந்தது வண்டியில். குட்டியானையில் டிரைவர் பக்கத்தில் ஓர் ஆள்தான் உட்காரலாம், அந்த இடம் எனக்கு. “நாங்க பின்னாடி பாக்ஸ் மேல படுத்துக்கிட்டே வர்றோம் மாமா, ஜாலியா இருக்கும்” என்றான் மருமகன். டி. பூன் கதையைச் சொன்னவனே அவன்தான். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். திருச்சிக்கு மாட்டுத்தாவணியில் ஏறுங்கள், திண்டுக்கல்லுக்கு ஆரப்பாளையத்தில் ஏறுங்கள், கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டேன். பஸ் காசை வாசல் வசூலில் கழிப்பதா, அவரவர் கையிலிருந்து போடுவதா என்று இப்போது நாலு பேருக்குள்ளும் சண்டை. டிரம்ஸ் அடிக்கிற பையன் மட்டும் தனியாக வந்து, தன் சாமான் எல்லாம் குட்டியானையில் வருவதால் தனக்குப் பஸ்ஸில் லக்கேஜ் இல்லை, ஆகவே கிடார்காரர்களைவிடத் தன் செலவு குறைவு, அதைக் கணக்கில் எழுத முடியுமா என்று கேட்டான். எழுதிக்கொண்டேன்.